ஆற்றோரத்து இரண்டு ஏக்கர்

அன்பு மகள் ரூபினிக்கு,

கோத்தா திங்கியிலிருந்து அம்மா எழுதுவது. முட்டி வலியைத் தவிர எனக்கு ஒரு குறையும் இல்லை, லண்டன் குளிரில் நீயும் மாப்பிள்ளையும் நேரத்துக்குச் சாப்பிட்டு நல்லபடியாக இருக்க முருகனை வேண்டுகிறேன். போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று சிரிக்காதே. என் வாட்ஸ்அப்பை உன் அண்ணன் மதிவாணன் அவன் கம்ப்யூட்டரிலும் திறந்து வைத்திருக்கிறான், நான் அனுப்புவதையெல்லாம் படிக்கிறானோ என்று எனக்குச் சந்தேகம்.

அப்பா விட்டுப்போன நாலு ஏக்கர் செம்பனைத் தோட்டத்தை ஆளுக்கு இரண்டு ஏக்கராகப் பிரிக்கிறேன் என்று அவன் உனக்கு ஒரு ஃபாரம் அனுப்பியிருப்பான். ஏக்கர் கணக்கு சரிதான், ஆனால் எந்த இரண்டு என்று அதில் எழுதியிருக்கிறதா பார். போன வெள்ளிக்கிழமை நான் கோயிலுக்குப் போன நேரம் பார்த்து ஆளைக் கூட்டிவந்து முளை அடித்திருக்கிறான். எண்ணெய் மில்லுக்குப் பழக்குலை ஏற்ற லாரி வந்து போகிற ரோட்டோரம் அவனுக்கு, வருஷா வருஷம் வெள்ளம் ஏறுகிற ஆற்றோரம் உனக்கு. கேட்டால், "சும்மா அளந்து பாத்தேன்மா" என்கிறான். சும்மா அளக்கிறவன் முளைக்குச் சிவப்புச் சாயம் அடிப்பானா? மறுநாள் வாசலில் நின்று போனில் யாரிடமோ, "லயன்ஸ் ஷேர் எனக்குத்தான் லா, தங்கச்சி ஒன்னும் கேக்காது" என்று சிரித்தான். பக்கத்து வீட்டு சதாசிவம் சாரிடம் அர்த்தம் கேட்டேன். ரிட்டயரான இங்கிலீஷ் வாத்தியார் இல்லையா, ஒன்று கேட்டால் மூன்று சொன்னார். அது சிங்கம் எடுத்துக்கொள்கிற பெரிய பங்காம். செர்ரி பிக்கிங் என்றால் நல்லதாகப் பார்த்துப் பொறுக்கிக்கொள்வதாம். பாலில் ஆடையை மட்டும் வழித்தெடுப்பதற்கும் ஒரு பேச்சு இருக்கிறதாம். தோட்டம் தோட்டமாக வளைத்துப்போட்ட வெள்ளைக்காரனுக்கு இத்தனையும் தேவைப்பட்டிருக்கும், என் மகனுக்கு எதற்கு? சார் என் முகத்தையே உற்று உற்றுப் பார்த்தார், அவருக்கும் ஏதோ தெரிந்திருக்கிறது.

நீ கேட்க மாட்டாய் என்று அவனுக்கு அவ்வளவு நிச்சயமாக எப்படித் தெரியும் என்று இரண்டு நாளாக யோசித்தேன். மீன் குழம்பு வைத்தால் நடுத்துண்டு அவனுக்கு, வால் உனக்கு என்று போட்டவள் நான்தான். ஒருநாள் நீ நடுத்துண்டுக்குக் கை நீட்டினாய், "ஆம்பளப் புள்ள சாப்பிடட்டும்" என்று தட்டிவிட்டேன். அப்புறம் நீ கேட்டதே இல்லை. நினைத்தால் வெட்கமாக இருக்கிறது, என்னை மன்னித்துவிடு கண்ணு.

நீங்கள் இருவரும் நோய்நொடி இல்லாமல் நூறு வருஷம் வாழ வேண்டும். காதை மூடித் தொப்பி போட்டுக்கொள். அவன் அவசரப்படுத்தினாலும் கையெழுத்துப் போடாதே. ரோட்டிலும் பாதி, ஆற்றிலும் பாதி வருகிற மாதிரி நெடுக்கே பிரிக்கச் சொல்லி நீயே வாய் திறந்து கேள். ஃபாரத்தில் என் கையெழுத்துக்கும் இடம் விட்டிருக்கிறான். நீ கேட்டு வாங்குகிற வரைக்கும் நான் போடப்போவதில்லை.

இப்படிக்கு,
உன் அம்மா புஷ்பவள்ளி