அட்டைப் படத்துக்கு ஒரு நாற்பத்தெட்டு வயதுக்காரி

ஜூன் 3, செவ்வாய்

காற்று. மேசை முழுக்க உப்புத் தூசி. கடையில் இன்று இரண்டு பிளெக்ஸ்: ஒரு சடங்கு, ஒரு கல்யாணம். மணப்பெண்ணின் கன்னத்தைக் கொஞ்சம் ஒடுக்கிவிட்டேன். யாரும் கேட்கவில்லை. கை தானாகச் செய்கிறது.

நாசரேத் டீச்சர் போன். அவர் எழுதிய மாயாஜால நாவல் அச்சுக்குப் போகிறதாம். அட்டைப் படம் நான்! உள்ளே என் பெயர் வரும். இருபது வருடமாக பிளெக்ஸ் அடிப்பவனுக்கு முதல் புத்தகம்.

"கதாநாயகி முத்துக் குளிக்கிறவ தம்பி. கடலோட பேசுவா. வயசு நாப்பத்தெட்டு, மூணு பிள்ள பெத்தவ. பாத்தா நம்ம ஊரு பொம்பள மாதிரி இருக்கணும்."

13-ஆம் தேதிக்குள்.

ஜூன் 5, வியாழன்

நான்கு படம் வரைந்தாயிற்று. நான்கிலும் வயது இருபது, இடுப்பு ஒரு சாண். முன்பக்கமும் பின்பக்கமும் ஒரே சமயத்தில் தெரிய முறுக்கி நிற்கிறாள். அப்படி நின்றால் மனுஷிக்கு முதுகு முறிந்துபோகும்.

இவள் எங்கிருந்து வந்தாள் என்று எனக்குத் தெரியும். பள்ளிக்கூட நாளில் பழைய பேப்பர் கடையில், கப்பல்காரர்கள் படித்துவிட்டுப் போட்ட இங்கிலீஷ் கதைப் புத்தகங்கள் கிடக்கும். உள்ளே ஒரு வரி புரியாது. அட்டைதான் எனக்கு. வாள், டிராகன், பனிமலை. அந்தப் பனியிலும் இரும்புக் கச்சை மட்டும் கட்டிக்கொண்டு, வீரனின் காலைக் கட்டிப்பிடித்தபடி ஒருத்தி. அவனுக்கு முழுக் கவசம், இவளுக்குக் கச்சை! அட்டைகளை மட்டும் கேட்டு வாங்கி வருவேன். எழுபதுக்கு மேல் சேர்த்திருந்தேன். அவற்றைப் பார்த்துத்தான் கை பழகியது.

பொய் என்று இப்போது தெரிகிறது. தெரிந்தும் என் கண்ணுக்கு அழகு என்றால் அதுதான். அந்த வெளிச்சம், அந்தத் தோல் நிறம்... சே.

ஜூன் 7, சனி

பல்வலி. கிராம்பு.

அந்தோணி வந்தான். என் மச்சினன், செல்வியின் தம்பி, சங்கு குளிக்கிறவன். புதுப் படத்தைக் காட்டினேன். முதுகை வளைத்து, கூந்தல் விரிய, தலைகீழாகக் கடலுக்குள் பாய்கிறாள். விழுந்து விழுந்து சிரித்தான்.

"என்ன அத்தான், நீச்சல் போட்டிக்கா போறா? அந்தக் காலத்துல முத்துக் குளிச்சவன் கல்லுல கால வச்சு, கயத்தப் புடிச்சிக்கிட்டு நட்டமால்லா எறங்குவான்!"

எனக்குத் தெரியாதா? இந்த ஊரில் பிறந்தவன். சின்ன வயதிலிருந்து கேட்டதுதானே. தெரிந்தும் தலைகீழாகப் போட்டிருக்கிறேன். நட்டமாக, நின்ற வாக்கில் இறங்கினால் உடம்பில் அந்த வளைவு வராது, அதனால்தான். வெட்கமாக இருந்தது.

ஜூன் 9, திங்கள்

செல்வியை உட்காரச் சொன்னேன். கல்யாணம் ஆகி இருபத்து மூன்று வருடம், ஒருநாளும் அவளை வரைந்ததில்லை. திருவிழாச் சேலையை எடுத்துக் கட்டிக்கொண்டு வந்தாள். பவுடர் வேண்டாம் என்றேன். கேட்டால்தானே.

முடித்துப் பார்த்தால் மறுபடியும் அந்த இருபது வயது அட்டைக்காரி. காதில் மட்டும் செல்வியின் கம்மல்.

செல்விக்கு வாயெல்லாம் பல். "நல்லாருக்குங்க! இத ஹால்ல மாட்டணும்." கிழிக்க மனம் வரவில்லை.

ஜூன் 11, புதன்

மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகுகள் இன்னும் கடலுக்குப் போகவில்லை. சாளைதான் கிடைத்தது. செல்வி வாசலில் குத்தவைத்து மீன் அலசினாள். அவளுக்குத் தெரியாமல் பார்த்துப் பார்த்து வரைந்தேன். கை ஒவ்வொரு கோட்டையும் வளைக்கப் பார்த்தது. அழித்தேன். மறுபடி போட்டேன். மறுபடி அழித்தேன்.

வந்துவிட்டது! கல்லில் கால், கயிற்றில் கை, நட்டமாக இறங்குகிறாள். தடித்த இடுப்பு, ஆபரேஷனுக்குப் பின் தொங்கிய வயிறு, கழுத்து மடிப்பு, கறுத்த முழங்கை. கண்ணில் பயமே இல்லை. என் ஆயுளில் நான் வரைந்த முதல் பெண். செல்வியிடம் ஓடினேன்.

ரொம்ப நேரம் பார்த்தாள்.

"நான் இப்டியா இருக்கேன்?"

"ஏளா, அழகாத்தானே இருக்க!"

"பொய் சொல்லாதீங்க. அழகா இருந்தா இத்தன வருசத்துல ஒரு தடவையாவது வரைஞ்சிருப்பீங்கல்லா?"

அடுப்படியில் போய் அழுதாள். "இத அட்டையில போட்டா நான் கோயிலுக்குப் போகமாட்டேன், பாத்துக்கிடுங்க."

சாளை தீய்ந்துவிட்டது.

ஜூன் 13, வெள்ளி

டீச்சரிடம் முடியாது என்று சொல்லிவிட்டேன். காரணம் சொல்லவில்லை. "உங்கள நம்பித்தானே இருந்தேன் தம்பி" என்றார். அட்டையில் வெறும் கடலைப் போடப் போகிறார்களாம். நாயகி இல்லை. என் பெயரும் இல்லை.

புதன்கிழமைப் படத்தைச் சுருட்டிப் பரணில் போட்டாயிற்று.

திங்கட்கிழமைப் படத்தைக் கடையில் கம்ப்யூட்டரில் ஏற்றினேன். செல்வி பின்னால் வந்து நின்றாள். "இங்கன இன்னும் கொஞ்சம் கொறைங்க." குறைத்தேன். "இன்னும் கொஞ்சம்." குறைத்தேன். பிரிண்ட், சட்டம், ஆணி. ஹாலில் மாட்டியாயிற்று. மத்தியானம் அவள் பாதிச் சோற்றை அப்படியே மூடி வைத்துவிட்டாள்.

சாயங்காலம் அந்தோணி வந்தான். சுவரையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"அக்கா, யாரு இது?"

செல்வி என் பக்கம் திரும்பவில்லை.

"யாருமில்ல. ஒங்க அத்தான் சும்மா வரைஞ்சது."