உன் கைக்காக நடந்த கச்சேரி

அன்புள்ள மருமகனே,

உன் கை ஆபரேஷனுக்காக நம் ட்ரூப் ஆட்கள் சம்பளம் வாங்காமல் வாசித்த கச்சேரியில், திண்டுக்கல் மலைக்கோட்டையையே எழுந்து நின்று கைதட்ட வைத்த அறிவிப்பாளன் எழுதுவது.

மைக்கைப் பிடித்தால் என் வாய் நிற்காது. "இந்த விரல் இனித் தபேலாவைத் தொடவே தொடாது" என்றேன். தாடிக்கொம்பு வரைக்கும் கண்ணீர் ஆறாக ஓடியது, உண்டியலும் நிரம்பியது. முன்வரிசையில் நீ உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்ததை நான் யோசிக்கவில்லை, அப்பு.

நேற்று உன் பெண்டாட்டி ஜீவிதா போனில் அழுதாள். "டாக்டர் வாசிக்கலாம்னுட்டாரு மாமா. இவருதான் தபேலாவ விக்க ஆள் பாக்குறாரு. கேட்டா, மாமாவே சொல்லிட்டாருல்லங்கிறாரு."

பழனி மலையை ஒரு கையால் நகர்த்தினேன் என்று நான் சொன்னபோது விழுந்து விழுந்து சிரித்தவன் நீ. என் பேச்சில் ஒன்றைக்கூட நம்பாதவன், இதை மட்டும் ஏன்டா நம்பினாய்?

இப்படிக்கு,
வாய் நீண்ட உன் தாய்மாமன்