பின் சீட்டில் ஓர் இடம்

ஆவடி குவார்ட்டர்ஸ்,
ஞாயிறு மாலை.

அன்புள்ள வர்ஷா அப்பாவுக்கு,

அகல்யா எழுதுவது. நானும் வர்ஷாவும் நலம். எல்லை முகாமில் குளிர் எப்படி? போனில் நீங்கள் "ம்", "சரி" தவிர மூன்றாவது வார்த்தை செலவழிப்பதில்லை. அதனால்தான் கடிதம். இதில் நான் மட்டும் பேசலாம், எனக்கு வசதி.

வர்ஷா கல்லூரி நூலகத்திலிருந்து ஒரு சிறுகதைப் புத்தகம் கொண்டுவந்தாள். டென்மார்க்குக்காரர் ஒருவர் எழுதியது, தமிழ் மொழிபெயர்ப்பு. எல்லாக் கதையிலும் இருட்டு, மழை, ஜன்னலோரம் ஓர் ஆள். இந்த அழுகைக்கு சீரியலே போதுமே என்றுதான் பிரித்தேன். கீழே வைக்க முடியவில்லை. துணி எடுக்கப் போகும்போது மொட்டைமாடியில் கீழ்வீட்டு ஞானம்மாள் அக்காவுக்கும், உங்கள் முகாமிலேயே இருக்கும் ராகேஷின் மனைவி ராணிக்கும் சத்தமாகப் படித்துக் காட்டுகிறேன்.

ஒரு கதையில், கப்பல் வேலையிலிருந்து ஊர் திரும்பியவன் வீட்டு வாசலில் காரை நிறுத்திவிட்டு இறங்காமலே இருக்கிறான். மனைவி ஜன்னலிலிருந்து பார்க்கிறாள். இருவரும் அசைவதில்லை. கதை அவ்வளவுதான். "இன்னாடி கதை இது, அவ ரெண்டு படி எறங்கிப் போனா காலு தேஞ்சுடுமா?" என்று அக்கா திட்டியது. நான்தான் பலமாகச் சிரித்தேன். பாதிச் சிரிப்பில் புத்தகத்தை மூடிவிட்டேன்.

போன லீவில் நீங்களும் பிளாக் வாசலில் ஸ்கூட்டர்மேல் அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தீர்கள். நான் பால்கனியிலிருந்து, "சவாரி ஏதாவது படிஞ்சுதா?" என்று கத்தினேன். பிளாக்கே சிரித்தது. நீங்கள் மேலே வந்து, சாப்பிட்டு, சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டீர்கள். அதை நான் நகைச்சுவை என்று ஆறு மாதம் சொல்லித் திரிந்திருக்கிறேன்.

ராணிக்கும் வாய் நிற்காது, என் தோழியாயிற்றே. பொங்கல் லீவு கிடைக்கவில்லை என்றீர்கள். "கிடைச்ச லீவை அண்ணன் வேணாம்னு எழுதிக் குடுத்துட்டாராமே அக்கா" என்கிறாள். கோபமில்லை. மூன்று நாள் இருந்தது, போய்விட்டது.

அந்த லீவைத் திரும்பக் கேளுங்கள். கொடுப்பார்கள்; உங்கள் அதிகாரிக்கும் வீட்டில் ஒருத்தி இருப்பாள். வந்ததும் மாடி ஏற வேண்டாம். ஸ்கூட்டரிலேயே உட்காருங்கள், எவ்வளவு நேரமானாலும். நான் இறங்கி வந்து பின் சீட்டில் உட்கார்ந்துகொள்கிறேன். பேசமாட்டேன். பத்து நிமிடத்துக்கு உத்தரவாதம். அதற்கு மேல் முயற்சி செய்கிறேன்.

ஸ்கூட்டரைத் துடைத்து வைத்துவிட்டேன். உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள் வாயாடி,
அகல்யா