பைக்குள்ள யூனிபோம்

யூலை 8, திங்கள்
கச்சான் காத்து. வகுப்பெல்லாம் மண். என்ர சாரணியர் பிள்ளையள் எட்டுப் பேரும் கண்டி முகாமுக்குப் போக அதிபர் ஒருமாதிரி ஓம் எண்டிட்டார். இன்சூரன்ஸ் எடுத்தால் மட்டும். பின்னேரம் ஏஜன்ற் இராசநாயகம் வந்தார். வெள்ளைச் சேட்டு, வாசனை எண்ணெய். கதிரையை இழுத்துப்போட்டு இருந்து ஒரே கேள்வி. எந்த றோட்டு? எப்ப வெளிக்கிடுறது? எந்தப் பிள்ளை எந்த ஊர்?
"பயணம் முழுக்க யூனிபோமோட இருக்கவேணும் ரீச்சர். இல்லாட்டி நட்டஈடு தரமாட்டினம். பேர் மாறினாலும் உடன சொல்லுங்கோ."
ஏன் இவ்வளவு அக்கறை? எல்லாரும் ஒரே நீல உடுப்பு எண்டால் தூரத்திலயே தெரியும். ஆருக்குத் தெரியவேணும்?
வாங்க: பிளாஸ்ரர், குளுக்கோஸ், ஊசி நூல்.

9, செவ்வாய்
மா வைக்கிற தகரப் பேணிக்குள்ள எலி. முழுக்கக் கொட்டினது.
கணக்குப் படிப்பிக்கிற புஷ்பம் ரீச்சர் காதுக்குள்ள: "இராசநாயகம் கோட்டை வாசலால ஆமிக் காம்புக்குப் போய்வாறதை என்ர தம்பி கண்டவன். ஒருக்கா இல்லை."
"என்னத்துக்காம்?"
"ஆருக்குத் தெரியும்? கவனம்."
ஆமிக்காரரும் இன்சூரன்ஸ் எடுப்பினம்தானே. இருக்கலாம். எண்டாலும்.

11, வியாழன்
சாந்தினியின்ர தாய் காலமையே வந்திட்டா. "அனுப்ப ஏலாது ரீச்சர். இந்த உடுப்போட போனால் இயக்கம் ஆமியின்ர ஆள் எண்டும். ஆமி இயக்கத்தின்ர ஆள் எண்டும்." 
அவளுக்குப் பதிலா நிர்மலா. இயக்கம் நிக்கிற ஈச்சிலம்பற்றுப் பிள்ளை, இஞ்ச மாமி வீட்டில நிண்டு படிக்கிறாள். கண்டி காணாதவள். சந்தோசத்தில அழுகை. சாந்தினியின்ர யூனிபோம் அவளுக்குத் தொளதொள.
இன்சூரன்ஸ் பேப்பரில இன்னும் சாந்தினியின்ர பேர்தான். மாத்தினால் இராசநாயகத்துக்கு ஊரும் சொல்லவேணும். ஈச்சிலம்பற்று எண்டோ? மாட்டன்.
நாளைக்குச் சாதாரண உடுப்பு. யூனிபோம் பைக்குள்ள. கண்டி போய்ப் போடலாம்.

13, சனி. கண்டி
நேற்று எழுத ஏலேல்ல. 
கந்தளாய்க்குக் கிட்ட ஆமி எங்கட வானை மறிச்சது. எல்லாரும் இறக்கம். ஆமிப் பெண் பைகளைத் திறந்தாள். ஒவ்வொரு பைக்கும் அடியில சுருட்டின நீல உடுப்பு.
"ஏன் ஒளிச்சுக் கொண்டுபோறது?"
"தூசி பிடிக்கும் எண்டு..." என்ர சொல்லை நானே நம்பேல்ல.
மூலைக் கொட்டிலுக்குள்ள விட்டு ஒவ்வொருத்தியாப் போடவைச்சாள். மற்றவைக்கு அளவு சரி. நிர்மலாவுக்குத் தோளால வழுக்குது. இன்சூரன்ஸ் பேப்பரில சாந்தினி, அடையாள அட்டையில நிர்மலா, ஈச்சிலம்பற்று. ஆமிப் பெரியவன் ஒருத்தன் அவளைத் தனியா உள்ள கூட்டிக்கொண்டு போனான். திரும்பி என்னைப் பாத்தாள். நானும் வாறன் எண்டு கத்தினன். துவக்கைக் குறுக்கால பிடிச்சாங்கள்.
பேப்பரில இருந்த நம்பருக்கு அவன் போன் எடுத்தான். இராசநாயகத்தின்ர வீடு. முடிஞ்சுது எண்டு நினைச்சன். அப்பிடி ஒரு பிள்ளையைத் தெரியாது எண்டு சொல்லப்போறார். அதுதானே உண்மை.
வெயில். பிள்ளையளை வானின்ர நிழலுக்குள்ள இருத்தினன்.
பெரியவன் சிரிச்சபடி வந்தான். ஆள் மாறினதை மிஸ் முந்தியே சொன்னவவாம். ஏஜன்ற்தான் பேரை மாத்த மறந்தவராம். "சரிதானே மிஸ்?"
"ஓம்" எண்டன்.
வெளிய விட்ட நிர்மலா வானுக்குள்ள ஏறினதும் சத்தி எடுத்தாள். மிச்சத் தூரம் எல்லாரும் யூனிபோமோடதான்.

17, புதன்
எல்லாரும் வீடு சேர்ந்தாச்சு. கடவுளே.
பின்னேரம் இராசநாயகம் வீட்டுக்குப் போனனான். மனுசி தேத்தண்ணி தந்தா. நல்ல சாயம்.
"பிள்ளை சுகமோ?" எண்டார் அவர்.
"சுகம். நான் உங்களுக்கு ஒண்டும் சொல்லேல்லையே..."
"ஆமிப் பெரியவர் பிள்ளையின்ர பேரையும் ஊரையும் சொன்னார். நான் ஓம் எண்டனான். வேறென்ன செய்யிறது ரீச்சர்?"
கண் கலங்கிப்போச்சு. கும்பிட்டன். கேற்றடியில கேக்காமல் வர ஏலேல்ல. "அவர் உங்கட சொல்லை அப்பிடியே நம்பிட்டாரே?"
"பழக்கம்" எண்டார். அவ்வளவுதான்.
பிள்ளையை மீட்டுத் தந்த மனுசன். பொய் சொல்லி மீட்டவர். ஆமிக்காரரும் அவற்ர சொல்லைக் கேக்கினம். இப்ப அவருக்கு அவளின்ர பேரும் தெரியும், ஊரும் தெரியும்.
நாளைக்கு அவளின்ர மாமியோட கதைக்கவேணும். நிர்மலா கொஞ்ச நாள் வேற வீட்டில நிக்கட்டும்.