எங்கள் கடைப் பெட்டிகளுக்கு டேப் வந்த காரணம்

ஷிசுவோகா,
ஏப்ரல் 9

அன்பு மகள் மினோரிக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் உன் அம்மாவும் உடம்புக்குக் குறையில்லாமல் இருக்கிறோம், ஹாம்பர்க்கில் நீயும் மாப்பிள்ளையும் அப்படியே இருப்பீர்கள் என்று நம்புகிறேன். மனசைப் பற்றிக் கேட்காதே, அது நன்றாக இல்லை. போனில் சொன்னால் சிரிக்கிற மூஞ்சி ஒன்றைப் போட்டுவிட்டு உன் வேலையைப் பார்க்கப் போய்விடுவாய், அதனால்தான் காகிதத்தில் எழுதுகிறேன். அம்மா அனுப்பிய தேயிலை வந்து சேர்ந்ததா? குளிர் போகும்வரை கழுத்தைத் திறந்து போட்டுக்கொண்டு திரியாதே, உனக்கு முதலில் தொண்டைதான் பிடித்துக்கொள்ளும்.

வீடு மாற்றும்போது அகப்பட்டது என்று ஒரு பழைய நோட்டைப் படம் பிடித்து அனுப்பியிருந்தாயே, அதைப் பற்றித்தான் எழுத வந்தேன். பக்கம் பக்கமாக விமானச் சின்னங்கள், எண்கள், மஞ்சள் பட்டைகள், எல்லாம் ஒட்டியவை. கீழே, "அப்பா, நம்ம கடையிலயே கைவச்ச திருடி நான்தான், இப்பவாவது போலீஸைக் கூப்பிடுங்க" என்று எழுதிச் சிரித்திருந்தாய். அம்மாவும் சிரித்தாள். அந்த மஞ்சள் நிறப் பதினாலாம் எண்ணைப் பார்த்த நான் கடைக்குள் போய் உட்கார்ந்தவன்தான், மத்தியானச் சாப்பாட்டுக்குக்கூட எழுந்து வரவில்லை.

அங்கே, பாகம் பாகமாக ஒட்டிச் செய்கிற விமான மாடல் பெட்டிகளைக் கண்ணாடித் தாள் சுற்றி ஒட்டி விற்கிறார்கள் என்று நீதான் ஒருமுறை சொன்னாய். நம் ஊரில் அப்படிக் கிடையாது, நீ பெட்டிகளுக்கு நடுவில் வளர்ந்தவள், உனக்கு நான் சொல்லவேண்டியதில்லை. வருகிறவர் மூடியைத் தூக்குவார், பாகங்களை வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார், குறிப்புத் தாளைப் படிப்பார், பிடித்தால் வாங்குவார், இல்லாவிட்டால் இருந்தபடியே மூடி வைத்துவிட்டுப் போவார். அந்த நம்பிக்கையில்தான் கடை நடந்தது. உனக்குப் பதினோரு வயசு நடந்த வருஷம் ஒரே மாதத்தில் மூன்று பேர் திரும்பி வந்தார்கள், தண்ணீரில் ஊறவைத்து விமானத்தின்மேல் ஒட்டுகிற சின்னங்கள் அச்சிட்ட தாளை உள்ளே காணோம் என்று, அதில் ஒன்றுதான் அந்த மஞ்சள் பதினாலு. எனக்குப் பித்துப் பிடித்த மாதிரி ஆகிவிட்டது. யார் அதிகமாக மூடியைத் திறப்பது என்று யோசித்தேன். மொச்சிசுகி. ரயில்வே சரக்கு ஆபீஸில் வேலை, சனிக்கிழமை தவறாமல் வருவார், இருபது பெட்டி திறந்தால் ஒன்று வாங்குவார். அவ்வளவுதான் என்னிடம் இருந்த சாட்சி.

நாலு வாடிக்கையாளர்கள் முன்னால், "மொச்சிசுகி, இனிமே என் கடையில எந்த மூடியையும் தொடாதீங்க, எதைத் தேடி வர்றீங்கன்னு எனக்குத் தெரிஞ்சுபோச்சு" என்றேன். அவர் கையிலிருந்த மூடியை மெதுவாக மூடி, பெட்டியை எடுத்த இடத்திலேயே வைத்து, தலை குனிந்து வணங்கிவிட்டுப் போனார். அப்போது நீ எங்கே இருந்தாய்? கல்லாப் பக்கத்து ஸ்டூலில், அவர் தோட்டத்திலிருந்து உனக்கென்று கொண்டுவந்து கொடுத்த ஆரஞ்சை உரித்துக்கொண்டிருந்தாய். பதினோரு வயசுப் பிள்ளை பயந்து வாயை மூடிக்கொண்டதை நான் குற்றம் சொல்லவில்லை. முப்பத்துமூன்று வயசில் சிரித்தாயே, அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. அந்த மனிதர் உன் ஞாபகத்தில் கூடவா இல்லை?

மறுநாளே எல்லாப் பெட்டிக்கும் டேப் ஒட்டினேன். பழைய ஆட்கள், "எங்களையுமா?" என்று கேட்டுவிட்டு ஒவ்வொருவராக வராமல் நின்றுபோனார்கள். நான் ரோஷக்காரன், ஒட்டியதை எடுக்கவில்லை. போன வாரம் உரிக்க உட்கார்ந்தேன், இத்தனை வருஷத்தில் இறுகிப்போயிருக்கிறது, இழுத்தால் மேல்படத்தின் நிறமும் சேர்ந்து பிய்ந்துகொண்டு வருகிறது. இனி அந்தப் பெட்டிகளை யார் வாங்குவார்கள்? போகட்டும்.

ஞாயிற்றுக்கிழமை மொச்சிசுகி வீட்டுக்குப் போனேன். மெலிந்துபோயிருக்கிறார், காது மட்டும் நன்றாகக் கேட்கிறது. தரையில் நெற்றி பட விழுந்து எல்லாவற்றையும் சொன்னேன். எழுந்திருங்கள் என்றுகூட அவர் சொல்லவில்லை. அவர் மனைவிதான் பேசினாள். "இவரு அப்புறம் ஹமாமட்சு வரைக்கும் ரயிலேறிப் போய்த்தான் பெட்டி வாங்குவாரு. அங்கயும் ரெண்டு கையையும் பின்னால கட்டிக்கிட்டு நிப்பாரு, கடைக்காரரையே மூடியத் திறந்து காட்டச் சொல்லுவாரு" என்றாள். எனக்கு அங்கேயே உயிர் போயிருக்கலாம். கடைசியில் அவர் வாயைத் திறந்து, "நாலு பேர் முன்னாடி சொன்னீங்க. மன்னிப்பு மட்டும் கதவைச் சாத்திக்கிட்டா?" என்று கேட்டார்.

அதனால் மே மாதம் முதல் சனிக்கிழமை எல்லாரையும் கடைக்கு வரச் சொல்லியிருக்கிறேன். அந்த நாலு பேரில் ஒருவர் காலமாகிவிட்டார், மற்ற மூவரும் வருகிறார்கள், மாடல் சங்கத்துக்காரர்களும் வருகிறார்கள். மொச்சிசுகி வருவாரா என்று தெரியாது. நேற்று முழுக்க அம்மா என்னோடு சண்டை. "பொண்ணு பேர ஏன் இழுக்கறீங்க, யாரோ ஒரு சின்னப் பிள்ளை எடுத்துடுச்சுன்னு சொல்லிட்டுப் போங்களேன்" என்று அழுகிறாள். நான் அன்றைக்கு யாரோ ஒருவர் என்று சொல்லவில்லை, மொச்சிசுகி என்றுதான் சொன்னேன் என்று பதில் சொன்னேன். அதற்குப்பிறகு அவள் சோற்றை வைத்துவிட்டு உள்ளே போய்விடுகிறாள்.

அந்த வாரம் விடுமுறைக் கூட்டம், டிக்கெட் கிடைக்காது, இப்போதே பார்த்துவிடு. உன்மேல் கோபம் இருக்கிறது, இல்லை என்று பொய் சொல்லமாட்டேன். என்மேல் இருப்பது அதைவிடப் பெரிது. இருந்தாலும் ஆசீர்வாதம் சொல்லாமல் கடிதத்தை மூட மனசு வரவில்லை. நோய் நொடியில்லாமல் நீயும் மாப்பிள்ளையும் நன்றாக இருங்கள். வந்தால் என் பக்கத்தில் நின்று உன் பெயரை நீயே சொல். வராவிட்டால் நான் சொல்வேன்.

உன் அப்பா,
இனாபா யோஷிஹிகோ