ஒட்டாத பங்கு

1998, அக்டோபர் 6

ஆவடி ரயிலில் நின்றுகொண்டே போனேன், நின்றுகொண்டே வந்தேன். ஆராய்ச்சிக்கூடத்தில் குளிரூட்ட இன்றும் திரவ ஹீலியம் இல்லை. நான் அளக்க வேண்டிய டிஸ்ப்ரோசியம் காந்தக் கல் டப்பாவில் சும்மா கிடக்கிறது, நானும்தான். உதவித்தொகை மார்ச்சோடு நின்றுவிடும். அதற்குள் ஆய்வேடு கொடுக்காவிட்டால் இத்தனை வருடமும் தண்டம்.

அக்டோபர் 19

ஹீலியம் வந்தது! கல்லைக் கிரீஸ் தடவி வெப்பம் அளக்கும் தட்டில் ஒட்டி, அரை கெல்வினுக்கும் கீழே, குளிரின் கடைசி எல்லைப் பக்கம் இறக்கினேன்.

"இன்னாமா சௌந்தரி, ஒரு கல்ல வெச்சிகினு அப்டி இன்னாதான் பாக்குற?" என்றார் அப்பா. எங்கள் சேக்காட்டு வீட்டையே உதாரணமாகக் காட்டினேன். நாலு குடித்தனம், ஒரு குழாய். யார் முதலில் பிடித்தாலும் இன்னொருவருக்குக் கோபம். கல்லுக்குள்ளும் நாலு நாலாகக் காந்தங்கள், ஒத்துப்போக முடியாமல் நிற்கின்றன. குளிரக் குளிர ஓர் ஒழுங்குக்கு வந்தாக வேண்டும். வெப்பத்தை அளந்தால் எவ்வளவு குழப்பம் தீர்ந்தது என்று கணக்குப் போடலாம்.

"நம்ம கொழா சண்ட தீராதுமா," என்றார். சிரித்தேன்.

அக்டோபர் 23

கணக்கு இடிக்கிறது. பாடப்புத்தகப்படி முழுக்கத் தீர வேண்டிய குழப்பத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு தீரவே இல்லை. எங்கே போயிற்று?

என் வழிகாட்டி ஜானகிராமன் சார் வரைபடத்தைப் பார்த்த உடனே சொன்னார்: "கல்லு சரியா ஒட்டலம்மா. ஒட்டாத பங்கோட வெப்பம் உன் கணக்குல வரல. மறுபடி பண்ணு."

டிசம்பர் 2

வேறு கல், வேறு கிரீஸ். அதே குறை, அச்சு அசலாக. எனக்கு மட்டும் ஏன் இப்படி? என் கை ராசியே இல்லாத கை. ரயிலில் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டு அழுதேன்.

1999, ஜனவரி 20

அடுத்த ஹீலியம் மே மாதம்தான். "அந்தப் பங்கு ஒட்டலன்னு வெச்சுத் திருத்திடு," என்றார் சார்.

எல்லா அளவையும் அதற்கேற்பப் பெருக்கினேன். என் கோடு மேலே ஏறி, பாடப்புத்தகக் கோட்டின் மேல் உட்கார்ந்தது. அழகாகத்தான் இருக்கிறது.

மார்ச் 26

ஆய்வேடு கொடுத்தாயிற்று.

ஜூலை 14

நூலகத்தில் புது இதழ். வெளிநாட்டுக்காரர்கள் அதே மாதிரிக் கல்லை அளந்திருக்கிறார்கள். அதே குறை! பிழை இல்லையாம் — காந்தங்கள் குழப்பத்தோடேயே உறைந்துபோகின்றனவாம். அதுதான் கண்டுபிடிப்பாம்.

ரெண்டு கல்லும் ஒரே மாதிரி சொல்லிச்சே. ஒட்டாம போறது ரெண்டு தபாவும் அதே அளவா போவுமா? இதுகூடத் தெரியலயே எனக்கு, பாவி.

சாரிடம் ஓடினேன். வெகுநேரம் படித்தார். "கொடுத்துட்டோமேம்மா. இப்ப திருப்பி வாங்கினா ரெண்டு பேருக்கும் கெட்ட பேரு."

செப்டம்பர் 9

வாய்மொழித் தேர்வு. வெளியூர்த் தேர்வாளர் அந்த இதழைப் பார்க்கவில்லை போலிருக்கிறது. என் கோட்டின் மேல் விரலை ஓட்டினார். "துளிகூட விலகலையே! சுத்தமான வேலைம்மா."

சார் குனிந்து பேனா மூடியைத் திருகிக்கொண்டிருந்தார்.

"நன்றி சார்," என்றேன்.

சாயங்காலப் பூசை முடிந்து கோயில் வாசலில் அப்பா எல்லோருக்கும் லட்டு கொடுத்தார். "இந்தாமா டாக்டரு," என்று எனக்கும் ஒன்றை நீட்டினார். வாங்கிக்கொண்டேன்.