என் மகளுக்கு முதல் பரிசு வேண்டாம்

அனுப்புநர்:
ந. லட்சுமிகாந்தம்,
க/பெ நவநீதகிருஷ்ணன்,
திருத்தங்கல்.

பெறுநர்:
மாவட்ட ஆட்சியர் அவர்கள்,
விருதுநகர்.

பொருள்: நடை நண்பர்கள் சங்கம் என் மகள் ஹர்ஷினிக்கு அறிவித்துள்ள முதல் பரிசை நிறுத்தவும், பூங்கா வாசலில் உள்ள அவளது பேனரை அகற்றவும் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். பிள்ளைக்குப் பரிசு கிடைக்கவில்லை என்று மனு கொடுக்கும் பெற்றோரைத் தாங்கள் ஏராளமாகப் பார்த்திருப்பீர்கள். கிடைத்த பரிசைத் திரும்ப எடுத்துக்கொள்ளுங்கள் என்று கேட்க நான் வந்திருக்கிறேன். எனக்குப் புத்தி தெளிவாகத்தான் இருக்கிறது.

1. நானும் என் கணவரும் காலண்டர் அச்சகம் நடத்துகிறோம். எங்கள் ஒரே மகள் ஹர்ஷினி கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். எங்கள் பகுதிப் பூங்காவில் நடை நண்பர்கள் சங்கம் நடத்திய போட்டியில், இந்த ஆண்டு அதிகம் நடந்தவள் அவள்தான் என்று முடிவாகியுள்ளது. வரும் ஞாயிற்றுக்கிழமை கோப்பையைத் தாங்கள் வழங்குவதாக அழைப்பிதழும் அடித்துவிட்டார்கள். முடிவில் தவறேதும் இல்லை. அவளைப் போல் நடக்க இந்த மாவட்டத்திலேயே ஆள் கிடையாது. என் புகாரே அதுதான்.

2. அவளுக்கு அனோரெக்ஸியா நெர்வோசா என்ற நோய் இருப்பதாக மதுரையில் மனநல மருத்துவர் கண்டறிந்துள்ளார். எடை கூடிவிடுமோ என்ற அச்சத்தில் உணவை ஒதுக்கும் நோய். பட்டினி கிடப்பவள் சுருண்டு படுத்துவிடுவாள் என்றுதானே நினைப்போம்? இவள் மழையிலும் நடக்கிறாள், காய்ச்சலிலும் நடக்கிறாள். பூங்கா மூடியிருந்தால் மாடிப்படியில் ஏறி இறங்குகிறாள். உணவு குறையக் குறையக் கால் பரபரப்பதும் இந்நோயின் ஒரு கூறு என்று மருத்துவர் விளக்கினார். சாத்தூர் காராச்சேவைப் பொட்டலத்தோடு காலி செய்தவள், இப்போது ஒரு துண்டு தின்றாலும் அதை நடந்தே கரைத்துவிட்டுத்தான் வீட்டுக்குள் வருகிறாள். கேட்டால், "நடக்காமச் சாப்பிட்டா தப்புப் பண்ண மாதிரி இருக்கும்மா" என்கிறாள். அதைக் கேட்ட அன்று எனக்கும் சோறு இறங்கவில்லை.

3. இதயத் துடிப்பு மிகவும் குறைந்துவிட்டதால், இப்போதைக்கு நடைப்பயிற்சியை அடியோடு நிறுத்த வேண்டும், மீறினால் உயிருக்கே ஆபத்து என்று மருத்துவர் எச்சரித்துள்ளார். உடற்பயிற்சி கெட்டது என்று நான் சொல்லவில்லை. உடல் தேறிய பிறகு, மருத்துவர்கள் மேற்பார்வையில் நடையைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பிக் கொடுப்பார்களாம். நம் பக்கத்துப் பட்டாசுக் கம்பெனிகளில் வெயில் ஏறிவிட்டால் மருந்துக் கலவை வேலையை நிறுத்துகிறார்கள். அதற்காகத் தொழிலே கூடாது என்று யாரும் சொல்வதில்லையே.

4. நிலைமை இப்படியிருக்க, பூங்கா வாசலில் 'ஓயாத கால்கள்' என்று அவளுக்கு ஆளுயரப் பேனர் வைத்திருக்கிறார்கள். அதைப் பார்த்துப் பாராட்டும் ஒவ்வொருவரும் அவளை இன்னொரு சுற்று நடக்க வைக்கிறார்கள். "எப்படித்தா இம்புட்டு ஒல்லியா இருக்க, எங்களுக்கும் சொல்லேன்" என்று வீடு தேடி வருபவர்களும் உண்டு. பூங்காக் காவலர் இருளாண்டி அவள் தலையைக் கண்டாலே நேரத்துக்கு முன்பே கேட்டைத் திறந்துவிடுகிறார். "பாப்பாதான நம்ம பார்க்குக்கே பெருமை" என்கிறார். நல்ல மனிதர், திட்டவும் மனம் வரவில்லை.

5. சங்கச் செயலாளர் கனகசபாபதி அவர்களிடம் நேரில் முறையிட்டேன். "பரிசு வேண்டாங்குற தாய இப்பத்தான் பாக்கேன். கண்ணு பட்டுரும்னு பயப்படாதீக" என்று காபி கொடுத்து அனுப்பிவிட்டார். அதோடு விட்டாரா? அவள் படம் போட்ட புத்தாண்டுக் காலண்டருக்கு எங்கள் அச்சகத்துக்கே ஆர்டரும் தந்தார். சீசனில் வந்த ஆர்டரைத் திருப்பி அனுப்பிய கிறுக்கச்சி என்று எங்கள் தெருவில் பேச்சு. அவர் அலட்டிக்கொள்ளாமல் பக்கத்து அச்சகத்தில் கொடுத்துவிட்டார்.

6. ஆகவே, ஞாயிற்றுக்கிழமைக்குள் அந்தப் பரிசை நிறுத்தவும், பேனரை இறக்கவும், காலண்டரில் அவள் படம் வராமல் தடுக்கவும், மருத்துவர் அனுமதிக்கும்வரை அவளைப் பூங்காவுக்குள் விட வேண்டாம் எனக் காவலருக்குச் சொல்லவும் தங்களைக் கேட்டுக்கொள்கிறேன். காரணத்தை மட்டும் மேடையில் சொல்லிவிட வேண்டாம். அவள் வயசுப் பிள்ளை.

7. மேலே உள்ளவற்றை வீட்டில் எழுதியபோதே அவளிடம் படித்துக் காட்டிவிட்டேன். அன்றிலிருந்து என்னோடு பேச்சில்லை. என்னைக் கோபித்துக்கொள்ள அவள் இருந்தால் போதும் ஐயா. ஆனாலும் இன்று கூடவே வந்திருக்கிறாள்; இந்தப் பகுதியைத் தங்கள் அலுவலகத்துக்கு வந்த பிறகுதான் எழுதுகிறேன். தங்களைப் போல் ஆட்சிப் பணித் தேர்வு எழுத வேண்டும் என்று கனவு, தங்களை ஒருமுறை நேரில் பார்க்க வேண்டும் என்று ஆசை. பேருந்தில் இடம் கிடந்தும் வழி முழுக்க நின்றுகொண்டே வந்தாள். உட்கார்ந்தால் உடம்பு ஏறிவிடும் என்று பயம். சாப்பிடும்போதும் நிற்கிறாள், படிக்கும்போதும் நிற்கிறாள். நானும் அவள் அப்பாவும் சொல்லிப் பார்த்து ஓய்ந்துவிட்டோம்.

மேலே கேட்டவற்றுக்கு விதி பார்க்க வேண்டியிருக்கும், நாளாகலாம். தாங்கள் இதைப் படிக்கும் இந்த நேரத்தில், என் பக்கத்தில் நின்றுகொண்டிருப்பவள்தான் ஹர்ஷினி. எதிரே இருக்கும் நாற்காலியைக் காட்டி, "உட்காரும்மா" என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள் ஐயா. தாங்கள் சொன்னால் உட்காருவாள்.

இப்படிக்கு,
ந. லட்சுமிகாந்தம்

இடம்: விருதுநகர்
நாள்: 08.12.2025